நான்கு ஊர்களுக்கு ஒரு கேள்வி

மகள் சப்பாத்தோடு நித்திரை கொள்கிறாள் என்பதைச் சிவனேஸ்வரி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, பரமட்டாவில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குள் வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பலாம் என்று போர்வையை விலக்கினாள். ராதா கறுப்புப் பள்ளிச் சப்பாத்தை நாடா இறுக்கிக் கட்டியபடி படுத்திருந்தாள். விரிப்பில் மண் உதிர்ந்திருந்தது. ராதாவுக்கு ஏழரை வயது. சிட்னிக்கு வந்து ஆறு வாரந்தான் ஆகியிருந்தது.

"ஏன் பிள்ளை சப்பாத்தோட படுத்தனீ?"

"ஓட வேணுமெண்டால்," என்றாள் ராதா. சொல்லிவிட்டுப் பல் தீட்டப் போய்விட்டாள்.

சிவனேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மண்ணைக் கையால் கூட்டி எடுத்தாள். 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது.

அவள் பிரசவம் பார்க்கும் தாதி. சங்கானையில் பிறந்து, இருபது வயதில் இங்கிலாந்துக்குப் போய் அங்கே நான்கு வருடம் பயிற்சி எடுத்து, ஊருக்குத் திரும்பி, தேவராஜாவைக் கலியாணம் கட்டியவள். தேவராஜா நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைபவர். குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் வரைபடம் போடுகிற வேலை. அவருக்கு அநுராதபுரத்துக்கு மாற்றலாகி, அவளுக்கும் அங்கேயே ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. 1975இல் ஆஸ்திரேலியாவில் தாதிமாருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டவளும் அவள்தான். முதலில் அவள் போவது, பதவி உயர்வு வந்தபின் தேவராஜா பிள்ளையோடு வருவது என்று பேச்சு. அவள் சிட்னிக்கு வந்தாள், பதவி உயர்வு பிந்தியது. ஒரு வருடம் இரண்டு வருடமாயிற்று. 1977 ஆவணியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது.

பதினாறு நாள் அவளுக்கு ஒரு செய்தியும் இல்லை. தந்தி அடித்தாள், பதில் இல்லை. அந்தப் பதினாறு நாளும் அவள் வேலைக்குப் போனாள். பதினொரு குழந்தைகளைக் கையில் ஏந்தினாள். அந்த எண் அவளுக்கு மறக்கவேயில்லை. பதினேழாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து தேவராஜாவின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. "நானும் பிள்ளையும் சுகம். வீடு இல்லை."

மிச்சக் கதையைத் தை மாதம் விமானத்தால் வந்து இறங்கியபிறகு துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவர்கள் குடியிருந்த அதே ஒழுங்கையில், நான்கு வீடு தள்ளி, சோமாவதி என்ற சிங்களப் பெண்மணி இருந்தார். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவர். அவ்வளவு பழக்கம்கூட இல்லை. அவர்தான் பின்கதவால் வந்து தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டுபோய், நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் மூன்று நாள் வைத்திருந்தார். வீட்டை எரித்தவர்களில் இரண்டு பேரையாவது தேவராஜாவுக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். அவர்களும் அதே ஒழுங்கைதான்.

சிட்னியில் தேவராஜா அமைதியாக இருந்தார். சமைத்தார், துணி மடித்தார், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஆனால் ஐந்து மணிக்குப் பரமட்டா ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று, ஆட்கள் கூட்டமாக இறங்கி ஓடிவரும்போது, அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றதைச் சிவனேஸ்வரி ஒருமுறை எதிர்ப்பக்க மேடையிலிருந்து பார்த்தாள். தான் பார்த்ததை அவள் சொல்லவில்லை. இரண்டாம் மாடி வீட்டுக்குப் பின்கதவு இல்லை என்பதை அவர் வந்த அன்றைக்கே கவனித்திருந்தார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

சப்பாத்தைக் கண்ட அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள். இந்த இரைச்சலுக்குள் இவர்கள் இரண்டு பேரும் தேறமாட்டார்கள். சிறிய ஊர் ஒன்று வேண்டும். பாதுகாப்பான ஊர்.

அடுத்த மாதமே வழி கிடைத்தது. தாதிமாருக்கான பத்திரிகை ஒன்றில் மேற்கு ஆஸ்திரேலிய விளம்பரம் வந்திருந்தது. நாட்டுப்புற ஆஸ்பத்திரிகளுக்குப் பிரசவத் தாதிகள் தேவை, குடும்பத்தோடு இருக்க வீடு தரப்படும் என்று போட்டு, கீழே நான்கு ஊர்களின் பெயர் இருந்தது. வடமேற்குக் கரையில் ஒரு துறைமுகம். அதற்குத் தெற்கே ஆற்று முகத்தில் ஒரு ஊர். பெர்த்துக்குக் கிழக்கே ஒரு ரயில்வே ஊர். நான்காவது யரிலப். கோதுமை விளைந்து செம்மறி மேய்கிற சமவெளியில், வரைபடத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டிய புள்ளி.

கீழ்வீட்டில் பார்த்தசாரதி என்ற எஞ்சினியரும் அவர் மனைவி விஜயாவும் இருந்தார்கள். கும்பகோணத்துக்காரர்கள். பார்த்தசாரதி பெர்த்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். விளம்பரத்தை அவரிடம் காட்டியதும் அவர் சந்தோஷமாகிவிட்டார். சனிக்கிழமை ஒரு பெரிய தாளில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எடுத்துவந்து, குசினி மேசையில் விரித்தார்.

"இதைப் பாருங்க சிஸ்டர். இந்தப் பக்கம் ஊர். மேல புயல், வெள்ளம், நில அதிர்ச்சி, காட்டுத் தீ. துறைமுகத்துல மூணு வருஷம் முன்னாடி பெரிய புயல் அடிச்சிருக்கு. அதனால அந்தப் பேரை அடிச்சுட்டேன். ஆத்தோரத்து ஊர்ல வெள்ளம் வரும். ரயில்வே ஊருக்குப் பக்கத்துல அறுபத்தெட்டுல பூமி குலுங்கி ஒரு ஊரே உக்காந்துடுச்சு. கடைசில மிஞ்சறது யரிலப்தான். அங்க தீ மட்டும் இருக்கு. இந்த ஏப்ரல்ல தெற்குப் பக்கம் அடிச்ச காத்துல அங்கயும் எரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப அதுதான் பாதுகாப்பு எண்டுறீங்களோ?"

"கணக்குப்படி ஆமா."

தேவராஜா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். படம் வரைபவர் என்பதால் கோடுகளின் நேர்த்தி அவருக்குப் பிடித்திருந்தது.

"நல்லா வரைஞ்சிருக்கிறியள்," என்றார். "ஆனா அநுராதபுரத்தையும் இதில போட்டால் எல்லாக் கட்டத்திலயும் சரி எண்டுதான் வரும். புயல் இல்லை, நில அதிர்ச்சி இல்லை. ஆறு வருஷம் இருந்தனான். வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டதில்லை."

பார்த்தசாரதி பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். விஜயா தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். தாளை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் தேவராஜா யன்னலைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார்: "நேசு, ஒரே ஒழுங்கை. ஒரு வீட்டுக்காரன் எரிச்சவன். ஒரு வீட்டுக்காரி ஒளிச்சு வச்சவா. இதில எது ஊர்? எதைப் பார்த்து நீர் தெரிவு செய்யப்போறீர்?"

அவள் இரண்டு நாள் அதை யோசித்தாள். பிறகு நான்கு ஆஸ்பத்திரி மேட்ரன்களுக்கும் கடிதம் எழுதினாள். தன் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் முறையாக எழுதி, கடைசியில் ஒரு பந்தி சேர்த்தாள். "என் கணவரும் மகளும் ஒரு கலவரத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். அதனால் ஒன்று கேட்கிறேன், பிழையாக நினைக்கவேண்டாம். உங்கள் ஊரில் கடைசியாக ஒரு வீட்டுக்கு ஆபத்து வந்தபோது, ஊர் என்ன செய்தது?"

இப்படி ஒரு கேள்வி கேட்டால் வேலை கிடைக்குமா என்று யோசித்து, கடிதங்களைக் கைப்பைக்குள் வைத்தபடி மூன்று நாள் திரிந்தாள். நாலாம் நாள் தபாற்பெட்டியில் போட்டாள்.

துறைமுகத்திலிருந்து பதில் முதலில் வந்தது. தட்டச்சு அடித்த கடிதம். வீட்டுக் கூரை முழுவதும் இரும்புக் கம்பியால் நிலத்தோடு பிணைக்கப்பட்டது, குளிரூட்டி உண்டு, எதற்கும் கவலைப்படவேண்டாம், சுரங்கக் கம்பனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆற்று முகத்து ஊரிலிருந்து வாழைத் தோட்டப் படம் போட்ட வண்ணக் கையேடும், எப்போது வரமுடியும் என்ற ஒரு வரியும் வந்தன. ரயில்வே ஊரின் மேட்ரன் அன்பாக எழுதியிருந்தார். "இங்கே ஒன்றுமே நடப்பதில்லை, உங்களுக்கு அலுத்துப்போகும் என்பதுதான் என் ஒரே பயம்."

யரிலப்பிலிருந்து மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கையால் எழுதிய கனத்த கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் மிஸ் ஹார்ட்லி என்ற மேட்ரன். அந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவர்.

சிவனேஸ்வரி அதைக் குசினியில் நின்றபடியே தமிழில் சொல்லிச் சொல்லித் தேவராஜாவுக்கு வாசித்தாள்.

"உங்கள் கேள்விக்கு நேரே பதில் சொல்லவேண்டும் என்பதால் தாமதமாயிற்று. கடைசி ஆபத்து ஏப்ரல் நாலாம் திகதி. அன்றைய காற்றில் ஊருக்கு மேற்கே தீப் பிடித்தது. ஆல்ஃப் பிரெண்டன் என்பவரின் வீடு எரிந்துபோயிற்று. ஊரில் அவரை யாருக்கும் பிடிக்காது. வேலிக்காக அயலவர் பாதிப் பேரோடு அவர் வழக்காடியவர். இருந்தும் முப்பது பேர் தண்ணீர் வண்டிகளோடு போனார்கள். வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை, மனிதரையும் ஆடுகளையும் காப்பாற்றினார்கள். இப்போது அவர் ஊருக்குள் ஒரு வீட்டில் இருக்கிறார். இன்னமும் அவரை யாருக்கும் பிடிக்காது.

"இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். நான்கு வருடத்துக்கு முன் ஊருக்கு வெளியே, இந்த நிலத்தின் பூர்வீகக் குடிகளான நூங்கர் மக்கள் இருக்கிற ஒதுக்கு நிலத்தில் ஒரு குடும்பத்தின் குடிசை எரிந்தது. அன்றைக்குப் போனவர்கள் நான்கு பேர். அதில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் புகையைப் பார்த்தார்கள், ஆனால் போகவில்லை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு ஊர் எப்படி நடந்துகொள்ளும், முப்பது பேரா நான்கு பேரா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒருத்தி வருவாள் என்று மட்டும் சொல்லலாம்."

வாசித்து முடித்தபோது சிவனேஸ்வரிக்கு மனம் கலங்கிப்போயிருந்தது. "இதுக்குப் பிறகு எப்பிடி அங்க போறது?" என்றாள். "எங்கட நிறத்துச் சனத்துக்கு நாலு பேர்தான் போனவை எண்டு அவாவே எழுதுறா."

தேவராஜா கடிதத்தை வாங்கி, தானே ஒருமுறை ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்தார்.

"இந்த ஊருக்கே போவம்," என்றார்.

"என்னப்பா சொல்லுறியள்?"

"ஒண்டுமே நடக்காது எண்டு எழுதின ஊருக்கு எனக்குப் போக ஏலாது, நேசு. அது எனக்குப் பழகின வசனம். இந்த மனிசி நடந்ததைச் சொல்லுறா. நாளைக்கு ஏதும் வந்தால் இவவின்ர கதவைத் தட்டலாம் எண்டு தெரியுது." சற்று நிறுத்திவிட்டு, "வீட்டுக்குப் பின்கதவு இருக்கோ எண்டு மட்டும் கேட்டு எழுதும்," என்றார்.

பின்கதவு மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஒரு கதவு இருக்கிறது என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டார்கள். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு மூன்று நாள் ரயில். இரண்டாம் நாள் மரமே இல்லாத சமவெளியில் வண்டி மணிக்கணக்காக வளையாமல் போயிற்று. ராதா யன்னலோரம் உட்கார்ந்து, "அம்மா, இஞ்ச ஒளிக்க இடமே இல்லை," என்றாள். பயந்து சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள். சிவனேஸ்வரி பார்த்தசாரதியின் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து அவளுக்குத் தீத்தினாள்.

யரிலப்பில் ஒரு பெரிய தெருவும் சில பின்தெருக்களுமே ஊர். பெரிய தெருவின் ஒரு முனையில் கோதுமைக் களஞ்சியம், மறு முனையில் ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு ஹோட்டல், ஒரு கடை, கவுன்சில் கந்தோர். ஊர்ப் பெயர்களின் முடிவில் வருகிற 'அப்' என்பதற்கு நூங்கர் மொழியில் இடம் என்று அர்த்தம் என்று மிஸ் ஹார்ட்லி சொன்னார். உயரமான, சிரிக்க நேரமெடுக்கிற பெண்மணி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பலகை வீடு. மூன்று கதவையும் திறந்து காட்டிவிட்டு, சாவிகளைத் தேவராஜாவின் கையில் கொடுத்தார்.

முதல் வாரம் சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பழகினாள். பதினாலு கட்டில். பிரசவ அறை சுத்தமாக இருந்தது. ஆனால் நூங்கர் பெண்களுக்கு என்று பின்விறாந்தையின் கடைசியில் இரண்டு கட்டில் போட்டிருந்தது. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வழக்கம் அப்படி. இரண்டாம் வாரம் மார்லின் என்ற நூங்கர் இளம்பெண் வலியோடு வந்தாள். குழந்தை பிறந்ததும் சிவனேஸ்வரி அவளை விறாந்தைக்குக் கொண்டுபோகாமல் உள்ளே யன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் மிஸ் ஹார்ட்லி சுற்றி வந்து, அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்றார். மார்லினின் நோய்க்குறிப்பு அட்டையைப் பார்த்தார். பிறகு சிவனேஸ்வரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இதை நான் பத்து வருடத்துக்கு முன்னால் செய்திருக்கவேண்டும்."

"அப்போது ஏன் செய்யவில்லை?"

"பயம்," என்றார் மேட்ரன். அந்தக் கிழமையே விறாந்தைக் கட்டில்களை உள்ளே போடச் சொன்னார். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெண் தன் பிரசவத்துக்கு வேறு ஊர் போகிறேன் என்று சொல்லிப் போயும்விட்டாள்.

தேவராஜாவுக்குக் கவுன்சில் கந்தோரில் தற்காலிகமாக வேலை கிடைத்தது. மழைத்தண்ணீர் வாய்க்கால்களின் பழைய வரைபடங்கள் கிழிந்துபோயிருந்தன. அவற்றைப் புதிதாக வரையவேண்டும். முதல் நாள் வேலையால் வந்தவர், "இவங்களின்ர வாய்க்கால் எல்லாம் தண்ணி ஏறுற பக்கமாக் கீறி இருக்கு," என்றார். அவள் பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டாள்.

ஊருக்கு வந்து ஐந்து வாரம் கூட ஆகவில்லை. ஃபுட்போல் இறுதிப் போட்டி நடக்கிற சனிக்கிழமை வந்தது.

இந்த நாட்டு நாட்டுப்புறங்களில் அது எவ்வளவு பெரிய நாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. யரிலப் பதினொரு வருடத்துக்குப் பிறகு வென்றது. பின்னேரம் மூன்று மணிக்கு வீரர்களை ஒரு லொறியின் பின்னால் ஏற்றி, அதன் பின்னே இருபது முப்பது கார்கள் ஹோர்னை அடித்தபடி, ஆட்கள் தகரங்களைத் தட்டிக் கத்திக்கொண்டு, ஊரின் ஒவ்வொரு தெருவாக வந்தார்கள்.

சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் பணியை அடுத்த தாதியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் மற்றத் தாதிமார் வாசலுக்கு ஓடினார்கள். அவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள். லொறி அவர்களுடைய தெருவைக் கடந்து போய்விட்டிருந்தது. புழுதி மட்டும் நின்றது.

முன்கதவு பூட்டியிருந்தது. திரைகள் மூடியிருந்தன. "நான் நேசு, கதவைத் திறவுங்கோ," என்றாள். பதில் இல்லை. பக்கவாட்டுக் கதவும் பூட்டு. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் சோறு அரைவேக்காட்டில் இருந்தது. அடுப்பை அணைத்திருந்தார்கள். ராதாவின் சப்பாத்து கட்டிலடியில் இல்லை.

அவள் பின்வளவுக்குள் வந்தாள். தகர வேலியில் ஒரு தகடு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பால், தீயில் வீடு இழந்த ஆல்ஃப் பிரெண்டன் இப்போது குடியிருக்கிற வீடு. ஐந்து வாரத்தில் அந்த மனிதர் அவர்களோடு பேசியது ஒரேயொரு முறை. கறிவேப்பிலைகூடக் கிடைக்காமல் அவர்கள் வைத்த கறியின் மணம் தன் பக்கம் வருகிறது என்று முறையிட்டபோது.

அவள் அந்தக் கதவைத் தட்டினாள். உள்ளே கதிரை நகர்கிற சத்தம்.

"யார்?" என்றது கிழவரின் குரல்.

"பக்கத்து வீடு. சிஸ்டர்."

தாழ்ப்பாள் இரண்டும் திறந்தன. குசினி மேசையில் தேவராஜாவும் ராதாவும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மூன்று கோப்பைத் தேத்தண்ணீர். தேவராஜாவின் கோப்பை தொடப்படாமல் இருந்தது. ராதா பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ரேடியோ நிறுத்தப்பட்டிருந்தது. கிழவர் தன் கதிரையைக் கதவோடு அணைத்துப் போட்டு அதில்தான் இருந்திருக்கிறார்.

"உங்கள் மனிதர் வேலியால் வந்தார்," என்றார் பிரெண்டன். "'வருகிறார்கள்' என்றார். யார் என்று கேட்கிற நேரமாகத் தெரியவில்லை. கதவைப் பூட்டினேன்."

"அது ஃபுட்போல்," என்றாள் சிவனேஸ்வரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வென்றுவிட்டார்களாம். அவ்வளவுதான்."

கிழவர் அவளைப் பார்த்தார், தேவராஜாவைப் பார்த்தார். "எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது," என்றார். இன்னொரு கோப்பை எடுத்து வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

வீட்டுக்குத் திரும்பியபின் தேவராஜா வெட்கப்பட்டார். "பைத்தியம் எண்டு நினைப்பார்," என்றார். "கந்தோரிலயும் கதை பரவும். திரும்பிப் போவமோ சிட்னிக்கு?"

சிவனேஸ்வரி குசினிக்குள் போனாள். அரைவேக்காட்டுச் சோற்றில் தண்ணீர் விட்டு மீண்டும் அடுப்பை மூட்டினாள்.

"அவர் ஏன் எண்டு கேக்காமல் கதவைத் திறந்தவர்," என்றாள். "வேறெந்த ஊரில இதைவிட என்ன கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் போவம் எண்டால் போவம்."

அவர் போவோம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். கதை பரவித்தான் இருந்தது. ஆனால் எப்படிப் பரவியது என்பது மிஸ் ஹார்ட்லியின் வேலை. கடையிலும் கவுன்சிலிலும் ஒவ்வொருவரிடமும் அவர் இரண்டே வசனத்தில் சொல்லியிருந்தார்: அந்த மனிதரின் வீட்டை ஒரு கூட்டம் எரித்தது. கூட்டச் சத்தம் கேட்டால் அவருக்கு அதுதான் நினைவு வரும். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கந்தோரில் ஒருவர் தேவராஜாவின் மேசையில் ஒரு தோடம்பழப் பையை வைத்துவிட்டுப் போனார். அதில் பாதியைத் தேவராஜா வேலிக்கு அப்பால் கொடுத்தார். பிரெண்டன் மறுநாள் அந்தத் தகரத் தகட்டை ஆணி அடித்து மூடாமல், அதற்கு ஒரு பிணைச்சல் போட்டுக் கதவாக்கினார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ராதாவின் சப்பாத்துகள் முன்படியில் அப்படியே வெயிலில் கிடந்ததைச் சிவனேஸ்வரி கண்டாள். பிள்ளை வெறுங்காலோடு பள்ளித் தோழியின் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில், ஃபுட்போல் அணித் தலைவன் கெவினின் மனைவிக்குக் கஷ்டமான பிரசவம். குழந்தை திரும்பிக் கிடந்தது. பெர்த்துக்கு அனுப்ப நேரமில்லை. டாக்டரும் சிவனேஸ்வரியும் நாலு மணி நேரம் போராடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கெவின் வெளியே விறாந்தையில் ஆட்டுத்தொழுவச் சேறு காய்ந்த சப்பாத்தோடு நின்றான். குழந்தையைக் கையில் கொடுத்தபோது, இவ்வளவு சிறிதாக இருக்குமா என்று கேட்டான்.

அந்த வருடமும் யரிலப் இறுதிப் போட்டிக்கு வந்தது. போட்டிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கெவின் அவர்கள் வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தேவராஜா கதவைத் திறந்தார்.

"நாளைக்கு வென்றால் லொறி வரும்," என்றான். "மூன்று, மூன்றரை மணிக்கு. சத்தமாக இருக்கும். நீங்கள் விரும்பினால் இந்தத் தெருவை விட்டுவிடுகிறோம். பையன்களிடம் பேசிவிட்டேன். யாருக்கும் பிரச்சினை இல்லை."

தேவராஜா தெரு முனையை எட்டிப் பார்த்தார். உள்ளே சிவனேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த கோப்பையோடு அசையாமல் நின்று கேட்டாள்.

"தெருவை விடவேண்டாம்," என்றார் தேவராஜா. "தெரு முனைக்கு வந்ததும் ஒருமுறை ஹோர்ன் அடித்து நிறுத்துங்கள். நான் வெளியே வந்துவிடுவேன். பிறகு சத்தம் போடுங்கள்."

"சரி," என்றான் கெவின்.

சனிக்கிழமை அவர்கள் தோற்றுப்போனார்கள், ஆறு புள்ளியால். லொறி வராது என்று சிவனேஸ்வரி நினைத்தாள். ஆனால் நாலு மணிபோல் தெரு முனையில் ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டது, ஒரேயொருமுறை. தோற்ற வீரர்கள் லொறியின் பின்னால் சேற்று உடுப்போடு களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். தோற்றாலும் ஊரைச் சுற்றாமல் விடக்கூடாது என்று வந்திருக்கிறார்கள். தேவராஜா வாசல் படலைக்குப் போனார். நெஞ்சுக்கு நேரே படலைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வேலியின் அந்தப் பக்கம் பிரெண்டனும் வந்து நின்று, மத்தியஸ்தர் குருடன் என்று திட்டினார்.

லொறி நகர்ந்தது. தகரங்கள் ஒலித்தன. சிவனேஸ்வரி தேவராஜாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடவில்லை.

"மிஸ்டர் ராஜா, பிள்ளையை ஏற்றட்டுமா?" என்று கெவின் மேலிருந்து கேட்டான். ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் லொறியில் இருந்தார்கள். மார்லினின் தம்பி ஒருவன் பக்கச் சட்டத்தில் ஏறி நின்றான்.

ராதா தகப்பனைப் பார்த்தாள். "கேன் ஐ, அப்பா?" என்றாள்.

தேவராஜா லொறியை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். பக்கப் பலகையின் கொளுவியைத் தட்டிப் பார்த்தார்.

"போ," என்றார். "சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நில்."

அவளைத் தூக்கிக் கெவினின் கையில் கொடுத்தார். லொறி ஹோட்டல் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனார். சிவனேஸ்வரிக்கு ஐந்து மணிக்கு வேலை இருந்தது. இரண்டு பெண்கள் அன்றைக்கு வலியோடு வந்திருந்தார்கள். அவள் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்கதவால் கிளம்பினாள்.